சத்தமில்லாத ஏலத்தில் சிறிய தொகைக்கும் இடமுண்டு

பள்ளிக்கு நிதி திரட்டும் விருந்து என்றதும் நம் கண்முன் வரும் காட்சி பழகியதுதான். மண்டபம் நிறைய வட்ட மேசைகள். மேடையில் அறிவிப்பாளர். ஒலிபெருக்கியில் ஒரு பெயரும் ஒரு தொகையும் முழங்கும். கைதட்டல், பெரிய மாதிரிக் காசோலை, படம். அதே நேரத்தில் பின் மேசையில் ஒரு தாய் ஐம்பது ரிங்கிட் நோட்டை மடித்துக் கையில் வைத்திருப்பார். மேடையில் ஆயிரங்கள் ஒலிக்கும்போது இதை யாரிடம் கொடுப்பது என்று தயங்கி, நோட்டைக் கைப்பைக்குள்ளேயே திருப்பி வைத்துவிடுவார்.

அந்த நோட்டையும் பள்ளிக்குக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பெயர் மௌன ஏலம். இடைநிலைப்பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் நீங்களே, ஆறாம் ஆண்டோடு விட்டு வந்த உங்கள் தமிழ்ப்பள்ளிக்காக, முன்னாள் மாணவர்களாகச் சேர்ந்து இதை நடத்த முடியும்.

நிதி எதற்குத் தேவை?

நாட்டில் உள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை அரசின் பகுதி உதவி பெறுபவை. ஆசிரியர்களின் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. ஆனால் கட்டடப் பராமரிப்பு, கூடுதல் வசதிகள் என்று வரும்போது பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கையேந்த வேண்டியிருக்கிறது.

சிறு தொகைகளால் பெரிய காரியம் நடந்ததற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இல் அமைந்தது. அங்கே தமிழுக்கு இடம் வேண்டும் என்று 1950களில் கோ. சாரங்கபாணி இயக்கம் நடத்தி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். வசதி படைத்தவர்களோடு சாதாரண உழைப்பாளர்களும் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள்.

எப்படி நடக்கும்?

கோயில் திருவிழாவில் மாலையையும் பழத்தையும் ஏலம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கூவுவார், மற்றவர்கள் குரல் கொடுப்பார்கள். மௌன ஏலத்தில் கூவுபவர் இல்லை. நன்கொடையாக வந்த பொருள்கள் மேசையில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு தாள். அதில் பொருளின் விவரம், சந்தை மதிப்பு, தொடக்க விலை, ஒவ்வொரு முறையும் குறைந்தது எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதெல்லாம் அச்சிடப்பட்டிருக்கும்.

வருபவர்கள் நுழைவாயிலில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பதிந்து ஓர் எண்ணைப் பெற்றுக்கொள்வார்கள். தாளில் அந்த எண்ணையும் தாங்கள் கேட்கும் விலையையும் மட்டும் எழுதுவார்கள். அடுத்தவர் அதற்குக் கீழே கூடுதல் விலை எழுதுவார். குறித்த நேரத்தில் தாள் மூடப்படும். கடைசியாக எழுதியவருக்குப் பொருள் சொந்தம்.

எண் 31 யார் என்பது பதிவு மேசைக்கு மட்டுமே தெரியும். அந்தத் தாய் 60 ரிங்கிட் என்று எழுதினாலும், அடுத்தவர் 65 என்று எழுதினாலும், மண்டபத்தில் யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டாம் ஆள் முக்கியம்

ஏலத்தில் விலையை முடிவு செய்பவர் வென்றவர் என்று தோன்றும். உண்மையில் அவருக்கு அடுத்த இடத்தில் நிற்பவர்தான் அதை முடிவு செய்கிறார். ஏலத்தின் இந்தக் கணக்கை 1961இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதிய வில்லியம் விக்ரி 1996இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். பத்துப் பேருக்கு வாழையிலை விருந்து சமைத்துத் தர ஒரு பாட்டி முன்வருகிறார். மதிப்பு 200 ரிங்கிட். தொடக்க விலை 80, ஒவ்வொரு முறையும் 10 ரிங்கிட் கூட்ட வேண்டும். எண் 14 மனத்துக்குள் 250 வரை போகத் தயார். எண் 22 தாங்கக்கூடியது 160 வரைதான். 22 கடைசியாக 160 எழுதுவார், 14 அதன் கீழே 170 எழுதுவார். ஏலம் அங்கேயே நின்றுவிடும். 230 வரை கொடுக்கக்கூடிய மூன்றாம் ஆள் ஒருவர் வந்திருந்தால், 14 வெல்வதற்கு 240 எழுத வேண்டியிருக்கும். அந்த மூன்றாம் ஆள் எதையும் வாங்கவில்லை. ஆனால் பள்ளிக்கு 70 ரிங்கிட் கூடுதலாகக் கிடைத்தது அவரால்தான்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். ஒன்று, தொடக்க விலையைக் குறைவாக வையுங்கள். சந்தை மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும். நிறையப் பேர் துணிந்து எழுதுவார்கள். இரண்டு, குறைந்தது மூன்று பேராவது விரும்பக்கூடிய பொருளை மட்டும் மேசையில் வையுங்கள். வந்திருப்பவர்கள் அறுபது பேர் என்றால் இருபது, முப்பது பொருள்களே தாராளம். பொருள் கூடினால் போட்டி குறையும்.

என்ன பொருள் வைக்கலாம்?

கடைக்காரர்களிடம் பரிசுக்கூடை கேட்பது எல்லாரும் செய்வது. அதற்கு முன் உங்கள் சுற்றத்தைப் பாருங்கள். அதே பள்ளியில் படித்துப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு முழுப் பராமரிப்பு செய்து தரலாம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்கா எஸ்.பி.எம். கணிதத்தை நான்கு மணி நேரம் சொல்லித் தரலாம். மருதாணி இடுவது, குடும்பப் படம் எடுப்பது, பிறந்தநாள் கேக் செய்வது என்று திறமை இல்லாத வீடே இல்லை. ஒரு வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து வரைந்த ஓவியத்துக்கு அந்த வகுப்பின் பெற்றோர் அத்தனை பேரும் போட்டியாளர்கள். பள்ளியின் பழைய வகுப்புப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு வைத்தால் முன்னாள் மாணவர்கள் விடமாட்டார்கள்.

சேவையை ஏலம் விடும்போது எத்தனை மணி நேரம், எந்தத் தேதிக்குள், எந்த ஊருக்குள் என்பதைத் தாளிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் பின்னால் மனக்கசப்புதான் மிஞ்சும். பழைய நாற்காலியே ஆனாலும் பள்ளிக்குச் சொந்தமான பொருளை எடுத்து ஏலம் விடக்கூடாது.

அனுமதியும் கணக்கும்

பணத்தைத் தொடும் முன் அனுமதியைக் கையில் வாங்குங்கள். தலைமையாசிரியர், மேலாளர் வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகியோரின் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். வீடு வீடாகவும் தெருவிலும் வசூலிப்பதற்கு 1947ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் உண்டு. அதற்கு உரிமம் தேவை. பொது ஏலத்துக்கும் 1929ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் நிகழ்ச்சிக்கு எந்த அனுமதி வேண்டும் என்பதைத் தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்யுங்கள். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு அல்லாமல் ‘வரி விலக்கு கிடைக்கும்’ என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். குழுத் தலைவரின் சொந்தக் கணக்குக்கு ஒரு ரிங்கிட்கூடப் போகக்கூடாது. கியூஆர் குறியீட்டை மேசையில் வைக்கும் முன் அது யாருடைய கணக்கு என்று இரண்டு பேர் சரிபாருங்கள். ரொக்கத்தை இரண்டு பேர் எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். வாங்கிய ஒவ்வொருவருக்கும் ரசீது கொடுங்கள்.

எட்டு வாரத் திட்டம்

முதல் இரண்டு வாரம்: நோக்கத்தை முடிவுசெய்து அனுமதி பெறுவது. ‘பள்ளி வளர்ச்சிக்கு’ என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. ‘நூலகத்துக்கு இரண்டு அலமாரி, 200 கதைநூல்கள்’ என்றால் ஒரு குழந்தைக்கும் புரியும்.

அடுத்த மூன்று வாரம்: பொருள் திரட்டுவது. கொடுப்பவர் பெயர், மதிப்பு, நிபந்தனை மூன்றையும் அன்றே ஒரு பட்டியலில் பதிந்துவிடுங்கள்.

ஆறு, ஏழாம் வாரங்கள்: தாள்களை அச்சிட்டு, பொருள்களின் படங்களைப் புலனத்தில் பகிர்வது. தனியாக மண்டபம் எடுக்கத் தேவையில்லை. விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, பொங்கல் விழா என்று பெற்றோர் எப்படியும் வரும் நாளில் ஓர் ஓரத்தில் மேசை போட்டால் செலவு மிச்சம்.

எட்டாம் வாரம்: ஏலம். தாள்களை எல்லாம் ஒரே நேரத்தில் மூடாதீர்கள். கால் மணி நேர இடைவெளியில் மேசை மேசையாக மூடினால், முதல் மேசையில் தவறவிட்டவர் அடுத்ததில் கேட்பார். மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு மணி அடியுங்கள். இந்த ஏலத்தில் அந்த ஒரு சத்தம் மட்டும் தேவை.

பணம் கட்டும் மேசையில் ஓர் உண்டியலும் இருக்கட்டும். கேட்ட பொருள் கிடைக்காதவர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போக விரும்பலாம். ஒரு மாதத்துக்குள், எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு செலவானது, என்ன வாங்கப்பட்டது என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். புலனத்திலும் அனுப்புங்கள். கணக்கைக் காட்டியவர்களுக்குத்தான் அடுத்த ஆண்டும் கதவு திறக்கும்.

60 ரிங்கிட் எழுதிய அந்தத் தாய்க்கு அன்று பொருள் கிடைக்காமல் போயிருக்கலாம். ஆனால் 65 எழுதியவரை எழுத வைத்தவர் அவர்தான். நூலகத்தில் அலமாரி வந்து நிற்கும் நாளில் அதையும் அவருக்குச் சொல்லுங்கள்.