அந்தச் சாக்சபோனை வாசித்தவர் யார்?

கைப்பேசியில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது. "ஹலோ" என்ற ஒரே சொல்லில், பேசுவது மாமாவா, வகுப்புத் தோழனா என்று கண்டுகொள்கிறீர்கள். இதே திறனைக் கொண்டுதான், 80 ஆண்டுகளுக்கும் மேலான இசைத்தட்டுகளில் வாசித்தவர்களை ஆர்வலர்கள் அடையாளம் காண்கிறார்கள்.

1930களில் அமெரிக்காவில் 'ஸ்விங்' நடன இசை பரவியது. அதை வாசித்த பெரிய குழுக்களுக்குப் 'பிக் பேண்ட்' என்று பெயர். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் தட்டில், பக்கத்திற்குச் சுமார் 3 நிமிட இசையே அடங்கும். தட்டின் நடுவே ஒட்டிய தாளில் பெரும்பாலும் குழுத்தலைவர் பெயர்தான் இருக்கும். இடையே தனியாக வாசித்தவர் பெயர் இருக்காது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கவுண்ட் பேஸி குழு, 'ஒன் ஓ'கிளாக் ஜம்ப்' என்ற இசையை 1937 ஜூலை 7ஆம் நாள் பதிவு செய்தது. அதில் டெனர் சாக்சபோன் இரண்டு முறை தனியாக ஒலிக்கிறது. முதலில் வாசிப்பவர் ஹெர்ஷல் எவன்ஸ்; பிறகு வாசிப்பவர் லெஸ்டர் யங். கருவி ஒரே வகைதான். ஆனால், ஒலி வேறு!

ஏன்? 220 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை வாசித்தால், அதனுடன் 440, 660, 880 ஹெர்ட்ஸ் எனப் பல மேற்சுரங்களும் சேர்ந்தே பிறக்கின்றன. அவற்றுள் எது வலிமையாக ஒலிக்கிறது என்பதே ஒலியின் தனித்தன்மையைத் தீர்மானிக்கிறது. வாசிப்பவரின் உதடு, மூச்சு, தொண்டை, கருவியின் வாய்ப்பகுதி ஆகியவை இந்தக் கலவையை மாற்றுகின்றன. நீண்ட சுரத்தில் கேட்கும் மெல்லிய நடுக்கமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். எவன்ஸின் ஒலி தடித்தது, நடுக்கம் அகன்றது. யங்கின் ஒலி மெலிந்தது, நடுக்கம் மிகக் குறைவு.

பாடகர்களுக்கும் இதே விதிதான். ஹெலன் ஃபாரஸ்ட் என்ற பாடகி ஆர்ட்டி ஷா, பென்னி குட்மன், ஹேரி ஜேம்ஸ் ஆகிய மூவரின் குழுக்களிலும் பாடினார். குழு மாறியது, குரல் மாறவில்லை.

ஆனால், காதை மட்டும் நம்பலாமா? கூடாது. தட்டு 6 விழுக்காடு வேகமாகச் சுழன்றால், எல்லாச் சுரங்களும் ஏறக்குறைய அரைச்சுரம் உயர்ந்துவிடும்; நடுக்கமும் வேகமாகும். அப்போது தெரிந்தவரின் ஒலியே வேறு யாருடையதோ போலக் கேட்கும். இன்னோர் ஆபத்தும் உண்டு. புகழ்பெற்றவரின் பெயரே நம் மனத்தில் முதலில் தோன்றும்.

அதனால், காது சொல்வதை ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். தட்டில், நடுத்தாளுக்கு அருகே ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். பதிவு நிறுவனத்தின் ஏட்டில் அந்த எண்ணைத் தேடினால் பதிவு நாள் கிடைக்கும். அந்த நாளில் குழுவில் யார் யார் இருந்தனர் என்று அடுத்துப் பார்க்க வேண்டும். எவன்ஸ் 1939 பிப்ரவரியில், முப்பது வயதுக்குள் காலமானார். ஆகவே, அதே ஆண்டு மார்ச்சில் பதிவான இசையில் அவரைப் போன்ற ஒலி கேட்டாலும், அது அவர் இல்லை.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். ஐந்து நண்பர்களை ஒரே வாக்கியத்தைப் பேசச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். வேறொருவர் வரிசையை மாற்றி ஒலிக்கவிடட்டும். யார் குரல் என்பதை முதலில் எழுதுங்கள். பிறகே விடையைப் பாருங்கள். விடையை முன்பே அறிந்தால், காது அதற்கேற்பக் 'கேட்டு'விடும்!

எவன்ஸுக்குக் கிடைத்த வாழ்நாள் குறுகியது. அவர் வாசித்ததை யங் வாசித்ததாக நாம் எழுதிவிட்டால், மறுத்துச் சொல்ல அவர் இல்லை. உழைத்தவரின் பெயரை உரியவரிடம் சேர்ப்பதற்கும் அறிவியல் உதவுகிறது, மாணவர்களே.