குத்துச்சண்டையில் அறிவு

குத்துச்சண்டை வீரன் என்றதும் திரண்ட தோளும் உரம் பாய்ந்த கையுமே நம் நினைவிற்கு வருகின்றன. அவனுக்கு அறிவும் வேண்டுமோ என வினவினால் நகைப்பவரும் உளர். வலியவன் வெல்வான், மெலியவன் தோற்பான், இதில் எண்ணுதற்கு என்ன உளது என்பது அவர் கருத்து. அது பொருந்துமா என ஆராய்வோம்.

அறிவு என்றாலே ஏட்டுக் கல்வி என்று கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. போடிநாயக்கனூருக்கு மேற்கே ஏலமலைச் சரிவுகளில் காய் எடுக்கும் பெண்டிரைக் கண்டவர் அவ்வாறு கொள்ளார். ஏலச்செடியின் அடியில் தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. பிஞ்சும் முற்றிய காயும் ஒரு சரத்திலேயே கலந்து நிற்கும். பிஞ்சை விட்டு முற்றியதை எடுத்தல் வேண்டும். அதனையும் மரநிழலின் மங்கிய ஒளியில், குனிந்தவாறே, விரைந்து செய்தல் வேண்டும். ஒவ்வொரு காயையும் நின்று ஆராயப் பொழுது ஏது? கண் கண்டவுடன் கை துணிகிறது. பல்லாண்டுப் பழக்கத்தால் விளைந்த அறிவே அத்துணிவு. எழுதப் படிக்க அறியாதவர் என்பதற்காக அவருள் எவரையேனும் அறிவிலார் என்பது பேதைமை.

குத்துச்சண்டைக் களத்து அறிவும் இத்தகையதே. எதிராளியின் கை புறப்பட்ட பின்னர் விலகலாம் எனின் காலம் போதாது. ஆதலின், தேர்ந்த வீரன் கையை மட்டும் நோக்கான். தோளின் அசைவையும் கால் ஊன்றும் நிலையையும் கண்டு, வரவிருக்கும் குத்தை முன்னரே உணர்வான். ஒரு கையைப் பொய்யாக ஓங்கி, மறு கையால் தாக்குவான். மூன்று நிமிடச் சுற்று ஒன்றில் இத்தகைய முடிவுகள் எத்தனையோ!

அமெரிக்க வீரர் முகம்மது அலியின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று. 1980ஆம் ஆண்டில் சென்னை நேரு விளையாட்டரங்கில் காட்சிச் சண்டை நிகழ்த்திய அவரை நம் நாட்டாரும் நேரில் கண்டனர். 1964ஆம் ஆண்டில் படைக்கு ஆள் எடுப்போர் வைத்த எழுத்துத் தேர்வில் அவர் தேறவில்லை. அவர் சானி லிஸ்டனை வென்று உலகப் பட்டம் பெற்றதும் அதே ஆண்டில்தான்!

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அரசர்க்குக் கூறியவையே எனினும், 1974ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் ஆப்பிரிக்காவின் கின்சாசா நகரில் நிகழ்ந்த சண்டையை எண்ணும்போதெல்லாம் அவை என் நினைவில் எழும். அன்று அலிக்கு வயது 32. எதிர்த்து நின்ற ஜார்ஜ் போர்மனுக்கு 25. போர்மன் அதுவரை 40 சண்டைகளிலும் வென்றவர். முன்னர் அலியைத் தோற்கடித்த பிரேசியரையும் நார்ட்டனையும் இரண்டாம் சுற்றிலேயே வீழ்த்தியவர். வலிமையில் தம்மினும் மிக்கவர் அவர் என்பதை அலி அறிந்திருந்தார். ஆதலின், இரண்டாம் சுற்று முதல் களத்தைச் சூழ்ந்த கயிற்றில் சாய்ந்து, இரு கைகளாலும் முகத்தை மறைத்து நின்றார். அவருடைய பயிற்சியாளரே திகைத்து, கயிற்றை விட்டு விலகுமாறு கூவினார். போர்மன் அடித்து அடித்துக் களைத்தார். எட்டாம் சுற்றில் அலி திருப்பித் தாக்கினார்; போர்மன் வீழ்ந்தார்.

அறிவு மட்டுமே வென்றது என்றும் கூறுவதற்கில்லை. அத்தனை அடிகளையும் தாங்கும் உடல் இல்லையேல் அந்தச் சூழ்ச்சி முதற் சுற்றிற்கே பயன்பட்டிராது.

இங்கே எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. மூளையைக் கொண்டு ஆடும் இவ்வாட்டத்தில் அடி விழுவதும் அம்மூளை இருக்கும் தலையின்மீதே. நெடுநாள் தலையில் அடிபட்ட வீரர்க்குத் தள்ளாடும் நடையும் மந்த அறிவும் உண்டாதலை மார்ட்லண்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் 1928ஆம் ஆண்டிலேயே எழுதினார். அலிக்கு 1984ஆம் ஆண்டில் நடுக்குவாத நோய் கண்டறியப்பட்டது. களத்தில் பட்ட அடிகளும் அதற்குக் காரணமாகலாம் என மருத்துவர் பலர் கருதினர். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் சுடர் ஏற்ற அவர் வந்தபோது அரங்கமே ஆர்ப்பரித்தது. பந்தத்தை ஒரு கையில் உயர்த்திப் பிடித்து நின்றார். மறு கை ஓயாது நடுங்கிக்கொண்டிருந்தது.