ஊட்டியில் 104 டிகிரி என்ன பதம்?

ஊட்டி வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஆங்கிலச் சமையல் குறிப்பில் இருந்தபடி ஆரஞ்சு மார்மலேடை 104 டிகிரி செல்சியஸ் வரும்வரை காய்ச்சினேன். ஆறியதும் கரண்டி இறங்கவில்லை, மிட்டாய் மாதிரி இழுக்கிறது. தெர்மாமீட்டர் பழுதா?”

தெர்மாமீட்டர் நன்றாகவே இருக்கிறது. குறிப்பை எழுதியவர்தான் கடல் மட்டத்தில் உட்கார்ந்து எழுதிவிட்டார். அதற்குப் போகுமுன், மார்மலேட் ஏன் உறைகிறது என்று பார்த்துவிடுவோம். எனக்கு ருசி அதில்தான்.

ஆரஞ்சுத் தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதியிலும், விதைமேல் இருக்கும் வழவழப்பிலும் பெக்டின் நிறைய உண்டு. நீண்ட சங்கிலி மூலக்கூறு. தண்ணீரில் கரைந்ததும் அதன்மேல் அங்கங்கே எதிர்மின்னேற்றம் தோன்றும்; சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளும். போதாததற்கு, நீர் மூலக்கூறுகள் ஒவ்வொன்றையும் மொய்த்துக்கொள்ளும்.

பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் ஒரே கல்யாண மண்டபத்துக்கு வந்த கதைதான். ஒவ்வொருவரைச் சுற்றியும் ஏற்றிவிட ஒரு கூட்டம். சர்க்கரை என்பது பந்தி. “இலை போட்டாச்சு” என்றதும் கூட்டம் அந்தப் பக்கம் ஓடிவிடும். அதாவது, நீரைச் சர்க்கரை தன்னிடம் இழுத்துக்கொள்ளும். பழத்தின் அமிலம் பெரிய அத்தை. ஆளுக்கொரு ஹைட்ரஜன் அயனியைக் கையில் திணித்து முறைப்பைத் தணிப்பாள். தனித்து நிற்கும் பங்காளிகள் வேறு வழியின்றிக் கைகோப்பார்கள். அந்த வலைக்குள் பாகு சிக்கிக்கொள்வதே உறைதல். பந்தி இருந்து அத்தை வராவிட்டாலும், அத்தை வந்து பந்தி இல்லாவிட்டாலும் சமாதானம் நடக்காது. சர்க்கரை ஏறத்தாழ 60 சதவீதத்துக்கு மேலேயும், பிஎச் 3.5க்குக் கீழேயும் இருந்தாக வேண்டும். வலை பின்னும் நேரத்தில் கிளறுவது, பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துச் சபையில் வாசிக்கிற காரியம். (மொய்க் கவருக்கு நிகரானதையும் பெக்டினில் தேடினேன். கிடைக்கவில்லை.)

இனி 104. சர்க்கரை கூடக்கூடக் கரைசலின் கொதிநிலையும் ஏறும். சர்க்கரை 65 சதவீதத்தை ஒட்டி வரும்போது, கடல் மட்டத்தில் அது 104 டிகிரியைத் தொடும். ஆக, நீங்கள் தெர்மாமீட்டரில் படிப்பது உண்மையில் சர்க்கரையின் அளவை. ஊட்டியோ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெறும் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். அங்கே 104 வரை காத்திருந்தால், சென்னையில் 111 வரை காய்ச்சிய கணக்கு. அது கம்பிப் பதம். மிட்டாய் வராமல் என்ன செய்யும்? உங்கள் வீட்டில் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையைப் பார்த்து, அதற்குமேல் நாலரை டிகிரியில் அடுப்பை அணையுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால், ஃபிரிட்ஜில் குளிரவைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, சற்றுப் பொறுத்து விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் பதம்.

வரலாறு கேட்பார்கள். புயலுக்கு ஒதுங்கிய கப்பலிலிருந்து கசப்பும் புளிப்புமான செவில் ஆரஞ்சுகளை வாங்கி, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் கெய்லர் குடும்பத்தார் மார்மலேடைக் ‘கண்டுபிடித்த’ கதை அழகானது. ஆனால் அவர்கள் தொழில் தொடங்கியதாகச் சொல்லப்படும் 1797க்கு நூறாண்டு முன்பே, இங்கிலாந்துக் கையெழுத்துச் சமையல் ஏடுகளில் ஆரஞ்சு மார்மலேட் இருக்கிறது. பெக்டினைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராகோனோ, 1825இல். இது போதும்.

செய்முறையில் பலர் சறுக்குவது வரிசையில். தோலை முதலில் தண்ணீரில், விதைகளைத் துணியில் முடிந்து போட்டு, விரலால் நசுங்கும்வரை வேகவையுங்கள். திசுவோடு ஒட்டிக்கிடக்கும் பெக்டின் அப்போதுதான் பிரிந்து வரும். அவசரப்பட்டுச் சர்க்கரையைக் கொட்டினால் தோல் விறைத்துக்கொள்ளும், பிறகு வேகாது. சர்க்கரை சேர்த்தபின் பெருந்தீயில் சீக்கிரம் முடிக்க வேண்டும். அமிலத்தில் நெடுநேரம் கொதித்தால் சங்கிலிகள் அறுந்துபோகும். கமலா ஆரஞ்சுக்குப் புளிப்பு போதாது, எலுமிச்சை பிழியுங்கள். நார்த்தங்காய் கிடைத்தால் செவில் ஆரஞ்சுக்கு ஏங்கவே வேண்டாம்: தடித்த தோல், புளிப்பு, கசப்பு எல்லாம் அதிலேயே உண்டு.

‘வைட்டமின் சி நிறைந்தது’ என்று லேபிளில் பார்த்தால் சிரித்துவிட்டு நகருங்கள். அவ்வளவு நேரம் கொதித்ததில் வைட்டமினில் பெரும்பகுதி போயிருக்கும். மீதிக்காகச் சாப்பிடுவது மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையை. ‘பதப்படுத்தும் பொருள் சேர்க்காதது’ என்பதும் அப்படித்தான். பூஞ்சைக்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்வதே அந்தச் சர்க்கரை. ‘சர்க்கரையற்ற மார்மலேட்’ ஏமாற்று அல்ல. அதில் வேறு வகைப் பெக்டின் இருக்கும். கால்சியம் அயனிகள் சங்கிலிகளைப் பிணைக்கும், சர்க்கரை தேவையில்லை. ஆனால் தண்ணீரைக் கட்டிப்போட ஆளில்லாததால், திறந்த ஜாடியை ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் காலிசெய்ய வேண்டியிருக்கும்.