எந்த ஊர் உங்களுக்கு?

பிஞ்சுகளின் வார்டு – 14

அமெரிக்காவின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனைக்குப் பல மாநிலங்களிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். 1995-ல் அதன் புற்றுநோய் வார்டில் வேலை பார்த்த ஒரு நர்ஸுக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில், டாம்ஸ் ரிவர் என்ற ஒரே ஊரிலிருந்து இத்தனை பிள்ளைகள் ஏன் வருகிறார்கள்? சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் வேலை பார்த்த உறவுக்காரப் பெண்ணிடம் இதைச் சொன்னார். அங்கிருந்து கேள்வி நகர்ந்து, மாநில சுகாதாரத் துறையின் மேசைக்குப் போனது. 1996 மார்ச்சில் பத்திரிகையில் வந்ததும் ஊரே கொதித்தது.

சென்ற வாரம் பார்த்த ஆலிஸ் ஸ்டூவர்ட் நினைவிருக்கும். 1950-களில் இங்கிலாந்தில், பிள்ளையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த தாய்மார்களிடம் கேட்டுக் கேட்டே, கர்ப்பத்தில் எடுத்த எக்ஸ்ரே ஆபத்து என்று கண்டுபிடித்தவர். கேட்க வேண்டும் என்று முடிவெடுத்துக் கேட்டவர் அவர். பிலடெல்பியா நர்ஸ் அப்படி எதுவும் திட்டமிடவில்லை. பிள்ளைகளின் ஊர்ப்பெயர் அவர் மனதில் தங்கியது, அவ்வளவுதான். கேஸ் ஷீட்டில் அந்த ஊர் வெறும் முகவரியாகத்தான் இருந்தது.

டாம்ஸ் ரிவரில் என்னதான் நடந்தது? 1952-ல் ஸ்விட்சர்லாந்து சாய நிறுவனங்கள் அங்கே ஆலை போட்டன. பின்னாளில் சீபா-கெய்கி என்ற பெயரில் இயங்கிய அந்த ஆலையின் கழிவு, முதலில் ஆற்றுக்கும் பள்ளங்களுக்கும் போனது. 1966-லிருந்து குழாய் வழியே அட்லாண்டிக் கடலுக்குப் போனது. இது ஊருக்குத் தெரிந்த சங்கதி. தெரியாமல் நடந்தது இன்னொன்று. 1971-ல் ஒரு லாரிக்காரர், ஊருக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணை நிலத்தை வாடகைக்கு எடுத்து, யூனியன் கார்பைடு ஆலையின் கழிவு நிறைந்த சுமார் 4,500 பீப்பாய்களை அங்கே கொண்டுவந்து கொட்டினார். (ஆம், போபாலின் அதே யூனியன் கார்பைடுதான்.) கழிவு மண்ணில் இறங்கி, ஊருக்குக் குடிநீர் கொடுத்த கிணறுகளை எட்டியது.

1980-களின் இறுதியில் அந்தத் தண்ணீரில் காற்றைச் செலுத்தி, எளிதில் ஆவியாகும் ரசாயனங்களை வெளியேற்றினார்கள். பிரச்சினை முடிந்தது என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் ஆவியாகாத ஒன்று தண்ணீரிலேயே தங்கியிருந்தது. ஸ்டைரீன்-அக்ரிலோநைட்ரைல் ட்ரைமர் என்ற அந்தப் பொருளை வழக்கமான பரிசோதனைகள் தேடவே இல்லை. தேடாத பொருள் எப்படி அகப்படும்? 1996 நவம்பரில், நர்ஸின் கேள்வி ஊரை உலுக்கிய பிறகுதான் அது கண்டுபிடிக்கப்பட்டது.

அந்த வட்டாரத்தில் 1979 முதல் 1995 வரை 67 குழந்தைகளுக்குப் புற்றுநோய் வரலாம் என்பது கணக்கு. வந்ததோ 90 பேருக்கு. எந்த மாதத்தில் எந்த வீட்டுக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர் போனது என்றுகூட ஆய்வாளர்கள் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். 2003-ல் வந்த இறுதி அறிக்கை, கர்ப்ப காலத்தில் அந்தக் கிணறுகளின் தண்ணீரைக் குடித்தவர்களின் பெண் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததில் ஒரு தொடர்பு இருப்பதாகச் சொன்னது. ஆண் குழந்தைகளிடம் அது தென்படவில்லை. நோயுற்றோர் எண்ணிக்கை சிறியது என்பதால் அடித்துச் சொல்லவும் முடியவில்லை. அந்த ட்ரைமரை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க அரசின் ஆய்வு 2012-ல் வெளியானது. எலிகளுக்குப் புற்றுநோய் வரவில்லை. இதற்குள் 2001-லேயே பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் 69 குடும்பங்களுடன் நிறுவனங்கள் சமரசம் செய்துகொண்டிருந்தன. எவ்வளவு கொடுத்தார்கள் என்பது ரகசியம்.

ஆக, இத்தனை பாடுபட்டும் நூற்றுக்கு நூறு நிரூபணம் கிடைக்கவில்லை. பிறகு டாக்டர் ஊர், தண்ணீர், வேலை என்றெல்லாம் பெற்றோரிடம் எதற்குக் கேட்க வேண்டும்?

நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்க மட்டுமே கேட்பது என்றால் கேட்க வேண்டியதில்லைதான். பெரும்பாலான குழந்தைப் புற்றுநோய்களுக்குக் காரணம் இன்னும் தெரியாது. ஆனால் கீமோ போய்க்கொண்டிருக்கும் குழந்தையின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்திருக்கும். அந்த நேரத்தில் வீட்டுச் சுவரை இடித்தால் கிளம்பும் தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் இருக்கலாம். நமக்கு அது தும்மலோடு போகும். அந்தக் குழந்தைக்கு நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அப்பா பூச்சிமருந்து அடிக்கிறவராக இருந்தால், வேலை உடுப்போடு மருந்தும் வீட்டுக்குள் வரும். வீட்டில் சிகரெட் புகைந்தால் அந்தக் குழந்தைக்கும் தம்பி தங்கைக்கும் சேர்த்தே கெடுதல். பெற்றோரின் புகைப்பழக்கத்துக்கும் குழந்தைகளின் கல்லீரல் புற்றுநோய் வகை ஒன்றுக்கும் தொடர்பு உண்டு என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஏற்றுக்கொண்டிருக்கிறது. குணமாகி வளர்ந்த பிள்ளைகளுக்கோ இரண்டாவது புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற தோல் வெயிலில் காயக் கூடாது. அவர்கள் சிகரெட்டைத் தொடவே கூடாது.

இவையெல்லாம் கேட்டால் தெரியும், தெரிந்தால் மாற்றக்கூடியவை. ஸ்பெயினின் முர்சியாவில் குழந்தை மருத்துவர் ஹுவான் அந்தோனியோ ஒர்த்தேகா கார்சியாவின் குழு இதைச் சிகிச்சையின் ஒரு அங்கமாகவே ஆக்கியிருக்கிறது. வீடு, தண்ணீர், பெற்றோரின் தொழில், புகை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் கேட்டுக் குறித்து வைக்கிறார்கள்.

கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. பிள்ளைக்குப் புற்றுநோய் என்றதும் பெற்ற தாய் முதலில் தன்னைத்தான் சந்தேகிப்பாள். என்ன சாப்பிட்டேன், எங்கே போனேன், என்ன பாவம் செய்தேன் என்று ராத்திரியெல்லாம் புரள்வாள். அவளிடம் போலீஸ் விசாரணை மாதிரி கேள்விகளை அடுக்கினால் அது சிகிச்சை ஆகாது. ‘இது உங்கள் தப்பில்லை. இனி என்ன செய்யலாம் என்று பார்க்கத்தான் கேட்கிறேன்’ என்ற இரண்டு வாக்கியங்களை முதலில் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்ல நேரமில்லாத டாக்டர் கேள்வியைக் கேட்காமலேயே இருந்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

குழந்தையோடு புற்றுநோய் வார்டில் இருக்கும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். டாக்டர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் செய்யும் வேலை, குடிக்கும் தண்ணீர், வீட்டில் நடக்கும் மராமத்து, புகைபிடிப்பவர் யார் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை போகும்போது குழந்தையின் ஃபைலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

(தொடரும்)