ஏற்காட்டில் ஏன் சுண்ணாம்புக் குகை இல்லை?

சேலம் பக்கம் படிச்சிட்டு ஏற்காடு போகாதவங்க யாராவது இருக்கீங்களா? 20 ஹேர்பின் வளைவு, ஏரியில் போட்டிங், லேடீஸ் சீட், கடைசியா சேர்வராயன் கோயில். 5,300 அடிக்கு மேல இருக்கிற அந்தக் கோயிலே ஒரு குகைதான். தாழ்வான பாறைக் கூரைக்குக் கீழேதான் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்காங்க. நார்ட்டன் பங்களா பக்கம் கரடிக் குகைன்னு இன்னொன்று இருக்கு.

ஆனா ஒன்றைக் கவனிச்சீங்களா? கூரையிலிருந்து கூம்பு கூம்பாகத் தொங்கும் கல், தரையிலிருந்து வளர்ந்து நிற்கும் கல் தூண், இதெல்லாம் இங்கே கிடையாது. ஆந்திராவில் அரக்கு பக்கம் இருக்கிற போரா குகையில் அவ்வளவும் இருக்கு. அதுவும் கிழக்குத் தொடர்ச்சி மலை, இதுவும் கிழக்குத் தொடர்ச்சி மலை. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

ஒரே வரியில் பதில் சொன்னா, கல் வேற. ஆனா அந்தப் பதிலைப் பிடிச்சுக்கிட்டே போனா கடலுக்குப் போய்ச் சேருவோம். அங்கிருந்து ஒருத்தர் வீட்டுக் கிணற்றுக்கும் போய்ச் சேருவோம். வாங்க.

மலையின் கல்

சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் என்ற பாறை. சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. பூமிக்குள்ளே பல கிலோமீட்டர் ஆழத்தில், பயங்கர வெப்பத்தில் உருவாகி, பிறகு மேலே வந்தது. பெயர் வந்த கதை சுவாரசியமானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறையில் இருந்த கல்லை வைத்து, 1893இல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் இந்தப் பெயரை வைத்தார். நம்ம பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் இருப்பதும் இதே வகைக் கல்தான்.

இந்தக் கல் மழையில் லேசில் கரையாது. இங்கே இருக்கும் குகைகள் பாறை விரிசல்விட்டு, சிதைந்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்ததால் கிடைத்த இடைவெளிகள். மழை இந்த மலையில் வேறொரு வேலை செய்தது. லட்சக்கணக்கான ஆண்டுகளாக சிலிக்காவைக் கொஞ்சம் கொஞ்சமா கழுவி எடுத்துட்டுப் போச்சு, அலுமினியம் மட்டும் தங்கிடுச்சு. மலை உச்சியில் கிடைக்கும் பாக்சைட் அப்படி வந்ததுதான். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்து பாக்சைட் போனது.

"மலை அடிவாரத்துல வெள்ளை வெளேர்னு இருக்கே, அது சுண்ணாம்பு இல்லையா?"ன்னு கேட்கலாம். வெள்ளைக்காரங்களும் அப்படி நினைச்சுதான் 'சாக் ஹில்ஸ்'னு பேர் வெச்சிருக்கணும். அது சாக் இல்லை, மாக்னசைட். ஊரில் வெள்ளைக்கல் என்பார்கள். மக்னீசியம் கார்பனேட், உருக்காலைகளின் உலைச் செங்கலுக்குப் போவது. பாறைக்குள்ளே நரம்பு நரம்பா ஓடுதே தவிர, குகை குடையும் அளவுக்குப் பெரிய அடுக்கா இல்லை.

கல்லைத் தின்னும் தண்ணீர்

சுண்ணாம்புக் கல் பெரும்பாலும் கடலில் பிறந்தது. சிப்பி, பவளம், கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் ஓடு எல்லாம் அடியில் படிந்து கல்லானது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர் வரை கடல் இருந்தது. இன்று அங்கே வரிசையா சிமெண்ட் ஆலைகள் இருப்பதற்குக் காரணம் அந்தக் கடல்தான்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி, மிக மென்மையான அமிலமா மாறுது. சோடாவில் இருக்கிற அதே கார்பானிக் அமிலம். அது சுண்ணாம்புக் கல்லில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கும். கரைத்துக் கரைத்து ஒரு கட்டத்தில் "இனி முடியாது"ன்னு நிறைவாகிடும், சாச்சுரேட்டட்.

கடற்கரையில்தான் ட்விஸ்ட். நிலத்தடியில் நன்னீர் எடை குறைவு, கடல்நீர் எடை அதிகம். அதனால் நன்னீர் ஒரு லென்ஸ் மாதிரி உப்புநீர் மேல மிதக்கும். இரண்டு நீருமே சுண்ணாம்பில் நிறைவானதுன்னு வெச்சுக்குவோம். இரண்டும் கலந்தால் நிறைவான நீர்தானே வரணும்? வராது! கரையும் அளவு நேர்கோட்டில் மாறுவதில்லை, வளைகோட்டில் மாறுது. இரண்டு புள்ளியைச் சேர்த்துக் கோடு போட்டா, நடுப்புள்ளி வளைகோட்டுக்குக் கீழே விழும் இல்லையா? அதாவது கலந்த நீருக்கு மறுபடியும் பசி எடுக்கும். தனித்தனியா கல்லைத் தொடாத இரண்டு நீர், சேர்ந்ததும் கல்லைத் தின்னும்.

இந்தக் கலப்பு நடக்கிற இடத்தை நிர்ணயிப்பது கடல் மட்டம். கடல் ஒரு உயரத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நின்றால், அந்த உயரத்தை ஒட்டி ஒரு வரிசைக் குகை குடையப்படும். மட்டம் மாறினால் வேறு உயரத்தில் இன்னொரு வரிசை. லிஃப்ட் நின்ற மாடியிலெல்லாம் ஓர் அறை கட்டின மாதிரி. பஹாமாஸ் தீவுகளில் இன்று கடலுக்கு மேலே சில மீட்டரில் வறண்டு கிடக்கும் குகைகள் இப்படி வந்தவைதான். சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட 6 முதல் 9 மீட்டர் உயரமா இருந்தது.

மூழ்கிய மாடிகள்

எதிர்ப்பக்கமும் உண்டு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. அவ்வளவு தண்ணீரும் நிலத்தில் பனிக்கட்டியா உட்கார்ந்திருந்தது.

இதற்குச் சாட்சி தொங்கும் கற்கள். அவை சொட்டுச் சொட்டா நீர் விழுந்து வளர்பவை. அதற்குக் குகைக்குள்ளே காற்று வேணும். ஆனா மத்திய அமெரிக்காவில் பெலீஸ் நாட்டின் 'கிரேட் ப்ளூ ஹோல்' என்ற கடல் பள்ளத்தில், நீருக்குள் பல மீட்டர் ஆழத்தில் அவை தொங்குது. அப்படின்னா அந்த இடம் ஒரு காலத்தில் வறண்ட குகை. அந்தக் கற்களின் வயதை யுரேனியம்-தோரியம் முறையில் அளந்து, கடல் எப்போது எங்கே நின்றது என்று கணக்குப் போடுகிறார்கள்.

பிரான்சில் மார்செய் அருகே கோஸ்கே குகைக்கு வாசல் கடலுக்கு 37 மீட்டர் கீழே இருக்கு. உள்ளே நீர் ஏறாத பகுதியில் குதிரை, காட்டெருமை, மனிதக் கை அச்சுகள். சுமார் 27,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி வரைந்தவை. வரைந்தவங்க நீந்திப் போகலை. நடந்து போனாங்க. கடல் அப்போ கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருந்தது.

நம்ம மொழி பேசும் குகைகள்

இதற்கு பிரான்ஸ் வரை போக வேண்டாம். பாக் நீரிணை ஆழம் குறைந்தது. கடல் 120 மீட்டர் இறங்கியிருந்தபோது ராமேஸ்வரமும் யாழ்ப்பாணமும் ஒரே நிலம். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்க மயோசீன் காலத்துக் கடலில் படிந்த சுண்ணாம்புக் கல், குறைந்தது 50 லட்சம் ஆண்டுப் பழசு. கடல் கீழே இருந்த காலங்களில் மழைநீர் இன்னும் ஆழமா இறங்கிக் கல்லைக் குடைய முடிந்தது. பிறகு கடல் ஏறியது, குடைந்த வழிகளில் நீர் நிரம்பியது.

புத்தூர் அருகே இருக்கும் நிலாவரை கிணறு அப்படி ஒரு குழியின் கூரை இடிந்து திறந்த இடம். மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு. நாம பார்த்த லென்ஸ், கண்ணெதிரே! நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும்னு அங்கே ஒரு கதை உண்டு. அந்தப் பழம் அப்படியே போகுமோ என்னவோ, தரைக்குக் கீழே நீர் ஓடும் வழிகள் இருக்குங்கிறதை ஊர் எப்பவோ புரிஞ்சு வெச்சிருக்கு. கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுவதும் அதனால்தான்.

ஒரு மீட்டருக்கு நாற்பது

இப்போ சிவில் நண்பர்களுக்கான பகுதி. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீருடையது 1.025. வித்தியாசம் 0.025. ஒன்றை அதால் வகுத்தால் 40. அதாவது நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கு மேல 1 மீட்டர் நின்றால், கீழே 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். 1888இல் கைபனும் 1901இல் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியா கண்டுபிடிச்ச கணக்கு.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. மோட்டார் போட்டு இறைத்து நீர்மட்டத்தை அரை மீட்டர் குறைத்தால், நாளடைவில் கீழே உப்பு 20 மீட்டர் ஏறும். மேலே கண்ணுக்குத் தெரியும் இழப்பு அரை மீட்டர்தான். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. காலங்காலமா குடிக்கவும் விவசாயத்துக்கும் கிணறுதான். குகை வழிகள் நிறைந்த கல் என்பதால் உப்பு மட்டும் இல்லை, உரத்தின் நைட்ரேட்டும் கழிவுக் குழி நீரும் வடிகட்டப்படாமலே கிணற்றுக்கு வந்துடும்.

இன்னொரு பக்கம் கடலும் ஏறுது. 1901 முதல் 2018 வரை உலக சராசரி ஏற்றம் சுமார் 20 சென்டிமீட்டர். 120 மீட்டரோடு ஒப்பிட்டா தூசு. ஆனா 40ஆல் பெருக்கும் ஒரு கணக்குக்கு மேலே உட்கார்ந்திருக்கிற தாழ்வான ஊருக்கு அது தூசு இல்லை.

ஏற்காட்டுப் பாறைக்கு இந்தக் கவலை கிடையாது. கடல் எங்கே நின்றாலும் சார்னோகைட்டுக்கு ஒன்றுதான். சுண்ணாம்புக் கல் மட்டும் கடல் நின்ற இடத்தையெல்லாம் குறிச்சு வெச்சிருக்கு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறவங்க, கடலோர ஊர்க் கிணறு ஒன்றில் மாதா மாதம் நீர்மட்டமும் உப்பும் அளந்து பாருங்க. டேப்பும் ஒரு டிடிஎஸ் மீட்டரும் போதும். அடுத்த கோடு எங்கே விழுதுன்னு தெரிய ஆரம்பிக்கும்.