வண்டி நின்றால் பேட்டரி மேல்தான் பழியா?

செங்கல்பட்டில் இருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். வாரத்தில் மூன்று நாள் அங்கே ஒரு வீட்டில் சிலருக்கு கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறேன். போக வர மின்சார சைக்கிள்தான். 250 வாட் மோட்டார், 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி. அங்கேயே சார்ஜ் போட்டுக்கொண்டு மாலையில் திரும்புவேன்.

ஒரு நாள் மாமல்லபுரத்துக்கு முன்னால் கால்வாய்ப் பாலத்தில் ஏறும்போது, எதிரே கடல் காற்று. சட்டென்று வண்டி அணைந்துவிட்டது. தள்ளிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்து சுவிட்ச் போட்டேன். டிஸ்ப்ளேயில் பேட்டரி பாதிக்கு அருகில் காட்டியது! கிளம்பினேன். அடுத்த மேட்டில் மறுபடியும் அதே கதை.

மெக்கானிக் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். "வோல்டேஜ் சரியாத்தான் சார் இருக்கு. ஆனா பேட்டரி போயிடுச்சு, புதுசு மாத்திடுங்க" என்றார். விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. அருகில் இருந்த ஒரு தம்பி, "அண்ணே, உள்ளே பி.எம்.எஸ். போர்டுதான் கட் பண்ணுது. அதை பைபாஸ் பண்ணிட்டா நிக்காது" என்றார். இரண்டையும் நான் கேட்கவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

வோல்டேஜ் இறக்கம் என்றால் என்ன?

மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. குழாயை லேசாகத் திறந்தால் நன்றாக வருகிறது. முழுதாகத் திறந்தால் பிசுபிசுவென்று வருகிறது. தொட்டியில் தண்ணீர் இல்லை என்பீர்களா? குழாயினுள் உப்புப் படிந்து வழி சுருங்கியிருக்கலாம் அல்லவா?

பேட்டரியும் அப்படித்தான். சும்மா இருக்கும்போது முழு வோல்டேஜ் காட்டும். மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும்போது, வழியில் உள்ள தடைக்கு ஏற்ப வோல்டேஜ் இறங்கும். கரண்ட்டை தடையால் பெருக்கினால் எவ்வளவு இறங்கும் என்று தெரிந்துவிடும். பள்ளியில் படித்த ஓம் விதிதான் இது. என் வண்டியில் 31 வோல்ட்டுக்குக் கீழே போனால் கண்ட்ரோலர் அணைத்துவிடும். ஆகவே, பளு இல்லாமல் வோல்டேஜ் பார்ப்பது பாதி சோதனைதான்.

நான் சோதித்த விதம்

12 வோல்ட், 55 வாட் கார் ஹாலஜன் பல்புகள் மூன்றைத் தொடராக இணைத்தேன். இது சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். கண்ட்ரோலரைக் கழற்றிவிட்டு, பேட்டரி கனெக்டருக்கு அடுத்துள்ள ஒயரில் பல்புகளைச் சேர்த்து மீட்டரில் அளந்தேன். (மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று தொடவே கூடாது. பல்பு கொதிக்கும், கவனம். பழக்கம் இல்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.)

பல்பு எரியாதபோது பேட்டரியில் 40.6 வோல்ட். பல்பு எரியும்போது கனெக்டருக்கு முன்னால் பேட்டரி பக்கம் 39.9. கனெக்டரைத் தாண்டி 38.9.

இதை எக்செல்லில் போட்டேன். உங்களிடம் எக்செல் இல்லை என்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். முதல் காலத்தில் இடம், இரண்டாவதில் எவ்வளவு வோல்ட் இறங்கியது, மூன்றாவதில் அதை 5 ஆல் வகுத்த தடை, நான்காவதில் தடையை 15 ஆல் பெருக்கிய விடை. மேட்டில் என் மோட்டார் 15 ஆம்பியர் வரை இழுக்கும், அதற்காகத்தான் 15.

பேட்டரியினுள் இறக்கம் 0.7 வோல்ட், தடை 0.14 ஓம், மேட்டில் 2.1 வோல்ட் இறங்கும். கனெக்டரில் இறக்கம் 1 வோல்ட், தடை 0.2 ஓம், மேட்டில் 3 வோல்ட் இறங்கும்!

இரண்டும் சேர்த்து 5.1. அதாவது பேட்டரியில் 36 வோல்ட் மீதி இருக்கும்போதே மேட்டில் 30.9 ஆகிவிடும். கண்ட்ரோலர் அணைக்காமல் என்ன செய்யும்? தவிர, 3 வோல்ட்டை 15 ஆம்பியரால் பெருக்கினால் 45 வாட். அவ்வளவும் அந்தச் சின்ன கனெக்டரில் சூடாகிக்கொண்டிருந்தது.

கழற்றிப் பார்த்தால், உள்ளே பச்சை பூத்து, பிளாஸ்டிக் ஓரம் இளகியிருந்தது. வண்டி நாள் முழுக்க நிற்பது கடலைப் பார்த்த வாசலில். உப்புக் காற்று உலோகத்தை விடுமா?

பேட்டரியை அணைத்து, ஒரு நேரத்தில் ஒரு ஒயராக, புது கனெக்டர் சால்டர் செய்ய வைத்தேன். செலவு நூறு ரூபாய்க்குள். மீண்டும் சோதித்தபோது கனெக்டரில் இறக்கம் 0.05 வோல்ட்தான். இப்போது வண்டியை வாசலில் விடாமல் வீட்டுக்குப் பின்புறம் நிறுத்துகிறேன். மூன்று மாதமாகப் பாலத்தில் நிற்கவில்லை.

பேட்டரியிலேயே கோளாறு என்றால்?

36 வோல்ட் பேட்டரியினுள் 10 செல் வரிசைகள் உண்டு. (இது எக்செல் செல் அல்ல!) அதில் ஒன்று பலவீனமானாலும் பளு ஏறும்போது அது மட்டும் சரியும். உடனே பி.எம்.எஸ். போர்டு கட் செய்யும். அது கோளாறு அல்ல, காவல். அதை பைபாஸ் செய்வது வாசல் காவலாளியைத் துரத்திவிட்டுத் தூங்குவது போல.

2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் சார்ஜில் இருந்த மின்சார வண்டி தீப்பிடித்து, புகையில் சிக்கி தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டில் பல இடங்களில் இப்படித் தீ விபத்துகள் நடந்த பிறகுதான் மத்திய அரசு மின்சார வாகன பேட்டரி விதிகளைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக அவை அமலுக்கு வந்தன. பேட்டரி உப்பியிருந்தாலோ, வாடை வந்தாலோ, தொட முடியாமல் சுட்டாலோ சார்ஜ் போடாதீர்கள். நீங்களே பிரிக்கவும் வேண்டாம்.

உங்கள் யூ.பி.எஸ். எப்படி?

"எங்களிடம் சைக்கிள் இல்லையே" என்கிறீர்களா? கம்ப்யூட்டருக்குக் கீழே யூ.பி.எஸ். இருக்கிறதே! பச்சை விளக்கு எரியும். கரண்ட் போனதும் அரை நிமிடத்தில் பொத்தென்று அணையும். அதுவும் பெரும்பாலும் இதே வோல்டேஜ் இறக்கம்தான்.

யூ.பி.எஸ்ஸை இரவு முழுக்க சார்ஜ் ஆக விடுங்கள். காலையில் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து பிளக்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 100 வாட் குண்டு பல்பு உள்ள விளக்கைச் செருகுங்கள். மெயின் சுவிட்சை அணைத்து, விளக்கு எத்தனை நிமிடம் எரிகிறது என்று தேதியுடன் எக்செல்லில் குறித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதே பல்பை வைத்துச் செய்யுங்கள். நிமிடம் பாதியாகக் குறைந்தால் பேட்டரியை மாற்ற நேரம் வந்துவிட்டது. முக்கியமான பைல் திறந்திருக்கும்போது தெரிந்துகொள்வதைவிட இது நல்லதல்லவா?

இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்து பாருங்களேன்.