பெயர் வந்த வழியும் மார்க்கு போன வழியும்

சென்ற மாதம் ஆர்டர் எடுக்க வந்த ஒரு பிஸ்கட் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி, சிவந்த உதடும் வெளியே நீட்டிய நாக்கும் அச்சிட்ட டி-ஷர்ட் அணிந்திருந்தார். இருபத்திரண்டு வயது இருக்கும். "தம்பி, இது என்ன மார்க்கு?" என்று கேட்டேன். "தெரியலையே அண்ணாச்சி, ஏதோ ஃபாரின் பிராண்டு. ரோட்டோரக் கடையில இருநூறு ரூபாய்க்கு எடுத்தேன்" என்றார்.

அந்த நாக்கு பிறந்ததே ஒரு கடையில்தான் என்றால் நம் வணிகப் பெருமக்கள் வியப்படைவார்கள். 1970-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் இசைக்குழு தனக்கென்று ஒரு மார்க்கு வேண்டும் என்று நினைத்தது. அக்குழுவின் பாடகர் மிக் ஜாகர், தம் வீட்டருகே இருந்த ஒரு கடையில் காளி படத்தைக் கண்டு, அதை இரவல் வாங்கி, லண்டன் ராயல் கலைக் கல்லூரி மாணவரான ஜான் பாஷ் என்பவரிடம் காட்டினார். மாணவர் காளியை விட்டுவிட்டு, வாயையும் நாக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டார். அதற்கு அவர் பெற்ற கூலி 50 பவுண்ட். 1971-இல் வெளிவந்த 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' இசைத்தட்டில் அது முதன்முதலாக அச்சானது. பிறகு மனமுவந்து இன்னும் 200 பவுண்ட் கொடுத்தார்கள். 1982-இல் அந்தப் படத்தின் உரிமையை அவர் 26,000 பவுண்டுக்கு அக்குழுவுக்கே விற்றார். அவர் கையால் வரைந்த மூலப் படத்தை 2008-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 92,500 டாலர் கொடுத்து ஏலத்தில் எடுத்தது. உழைப்பு ஒன்றுதான், விலை மட்டும் நான்கு விதம்.

மொத்த மளிகை வியாபாரிக்கு இந்தச் சங்கதியெல்லாம் எங்கிருந்து தெரியும் என்று கேட்கலாம். என் பெரியப்பா மகன் அந்நாளில் பம்பாயில் வேலை பார்த்தார். 1971 கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது 'சிம்லா பீட்' என்று எழுதிய ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் ரெக்கார்டு பிளேயர் இருந்தது ஒரே வீட்டில். அந்த வீட்டுப் பாட்டியோ பக்திப் பாட்டைத் தவிர வேறு தட்டு போடச் சம்மதிக்கமாட்டார். ஆகவே விடுமுறை முடியும்வரை பாட்டைக் கேளாமல் அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. எனக்கு ஒரே குழப்பம். சிம்லா என்பது எங்கள் கடை அலமாரியில் அடுக்கியிருந்த சிகரெட்டின் பெயராயிற்றே, அது ஏன் இசைத்தட்டின் மேல் ஏறியது?

அதுவே அந்த வியாபாரத்தின் சூட்சுமம். கம்பெனி தன் சிம்லா சிகரெட்டுக்காகவே அந்த இசைப் போட்டியை நடத்தியது. நாட்டின் பல ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் கிடாரும் டிரம்ஸுமாக பம்பாய் வந்து வாசித்தார்கள். ஷில்லாங்கிலிருந்து ஃபென்டோன்ஸ், நம் மதராஸிலிருந்து கன்ஃபியூஷன்ஸ் என்று குழுக்களின் பெயர்களும் ஒரு தினுசாகவே இருந்தன. 1970-க்கு ஒன்று, 1971-க்கு ஒன்று என இரண்டு இசைத்தட்டுகள் வெளிவந்தன. அந்தச் சிகரெட்டை இன்று கேட்பார் இல்லை. அந்த இசைத்தட்டுகளையோ வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அண்ணன் கொண்டுவந்த தட்டு எங்கே போயிற்றோ, வெயிலில் வளைந்ததாக நினைவு.

போட்டியை நடத்திய கம்பெனியின் பெயர்க் கதையும் சுவையானதே. 1910-இல் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா என்று தொடங்கி, 1970-இல் இந்தியா டொபாக்கோ கம்பெனி ஆகி, 1974-இல் வெறும் மூன்று எழுத்தாகச் சுருங்கி ஐ.டி.சி. ஆயிற்று. 2001-இல் எழுத்துகளுக்கு இடையே இருந்த புள்ளிகளையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே 'ஆசீர்வாத்' என்ற பெயரில் கோதுமை மாவு நம் கடைகளுக்கு வந்தது. பெயரில் புகையிலை இருந்திருந்தால் அந்தக் கம்பெனியின் மாவை எந்தத் தாய்மார் வாங்குவார்? 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டம் வந்தபின் சிகரெட் பெயரில் பாட்டுப் போட்டி நடத்தவே வழியில்லை. 1996 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டுக்கு 'வில்ஸ்' பெயர் இருந்ததைப் பார்த்த தலைமுறைக்கு இது விளங்கும். அந்த வில்ஸ் என்பது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் புகையிலை வியாபாரம் செய்த சகோதரர் இருவரின் குடும்பப் பெயராகும்.

பாட்டைக் கொண்டு பெயரைப் பரப்பும் வித்தை அப்போதே பழையது. 1952-இல் இலங்கை வானொலியில் தொடங்கிய 'பினாகா கீத்மாலா' நிகழ்ச்சியை நம் வயதுக்காரர்கள் அறிவார்கள். பற்பசை கம்பெனி நடத்திய இந்திப் பாட்டு நிகழ்ச்சி அது. பின்னாளில் பற்பசையின் பெயர் சிபாகா ஆனபோது நிகழ்ச்சியும் பெயர் மாறியது. 'சிபா' என்பது ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகர ரசாயனத் தொழில் கம்பெனியின் ஜெர்மன் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகளேயன்றி வேறில்லை.

அமெரிக்காவிலோ அந்தக் காலத்துப் பெருங்கூட்டங்களில் மேடைக்குப் பின்னால் கம்பெனிப் பதாகை தொங்கவில்லை. 1969 ஆகஸ்டில் நடந்த வுட்ஸ்டாக் விழாவுக்கு சுமார் 4 லட்சம் பேர் வந்தார்கள். 1973 ஜூலையில் வாட்கின்ஸ் கிளென் என்ற ஊரில் மூன்றே குழுக்கள் வாசிக்க, கூடியவர்கள் 6 லட்சம் பேர் என்பார்கள். இதில் ஒரு வேடிக்கை: வுட்ஸ்டாக் விழா வுட்ஸ்டாக்கில் நடக்கவில்லை! அங்கே இடம் கிடைக்காமல் அலைந்து, கடைசியில் பெதல் என்ற வேறோர் ஊரில் மாக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால் பண்ணை நிலத்தில் நடத்தினார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. சென்னையில் போட்ட சேவுக்கு 'சாத்தூர் சேவு' என்று லேபிள் ஒட்டுவதில்லையா, அதுபோல. பெரிய இசைக்குழுவின் சுற்றுப்பயணத்துக்குக் கம்பெனி பணம் கொடுத்துப் பெயர் போட்டுக்கொள்ளும் வழக்கத்தைப் பிரபலமாக்கியதும் அதே ரோலிங் ஸ்டோன்ஸ்தான். 1981-இல் ஜோவான் என்ற வாசனைத் திரவியக் கம்பெனி அவர்களுக்குப் பணம் கொடுத்தது.

கம்பெனி பாட்டைத் தேடி வந்தது போலவே, பாட்டுக்காரர்களும் சரக்கின் பெயரைத் தேடிப் போயிருக்கிறார்கள். பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற குழு 1966-இல் ரோடு ரோலர் இயந்திரத்தின் மேல் இருந்த பெயரை எடுத்துக்கொண்டது. ஆர்.இ.ஓ. ஸ்பீட்வேகன் என்ற குழு ஒரு பழைய சரக்கு லாரியின் பெயரை வைத்துக்கொண்டது, ஆர்.இ.ஓ. என்பது அந்த லாரிக் கம்பெனியைத் தொடங்கிய ரான்சம் ஈலை ஓல்ட்ஸ் என்பவரின் முதலெழுத்துகள். 1973-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஏசி-டிசி குழுவுக்கு அப்பெயர் கிடைத்தது, அண்ணன் தம்பி இருவரின் அக்காள் வைத்திருந்த தையல் இயந்திரத்தில் மின்சாரம் பற்றி எழுதியிருந்த எழுத்திலிருந்து.

லாரிக்கும் பாட்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் சண்டை வராதா? இங்கேதான் நம் வியாபாரிகள் கவனிக்கவேண்டிய விஷயம் இருக்கிறது. வணிகக் குறியை வகுப்பு வகுப்பாகப் பதிவு செய்கிறார்கள். மொத்தம் 45 வகுப்புகள். மசாலா, காபி, தேயிலை, அரிசி, மாவு ஆகியவை 30-ஆம் வகுப்பு. சமையல் எண்ணெயும் பால் பொருள்களும் 29. சோப்பு 3. ஒரு வகுப்பில் பதிந்த சாதாரணப் பெயர் மற்றொரு வகுப்பில் தானாகவே காவல் நிற்பதில்லை. மிகவும் புகழ்பெற்ற பெயருக்குத்தான் அந்தச் சலுகை. ஆனால் வகுப்பின் வரப்பு எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. 1968-இல் பீட்டில்ஸ் பாடகர்கள் 'ஆப்பிள்' என்ற கம்பெனி வைத்தார்கள். 1976-இல் இரண்டு இளைஞர்கள் ஆப்பிள் என்றே கம்ப்யூட்டர் கம்பெனி தொடங்கினார்கள். வழக்கு வந்தது. 1981-இல் கம்ப்யூட்டர்க்காரர்கள் 80,000 டாலர் கொடுத்து, இசைத் தொழிலுக்கு வரமாட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். கம்ப்யூட்டரே பாட ஆரம்பித்ததும் 1991-இல் இரண்டே முக்கால் கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாக மீண்டும் கொடுக்கவேண்டி வந்தது. முடிவில் 2007-இல் பெயர் முழுவதும் கம்ப்யூட்டர் கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தது. முதலில் வைத்தவர்கள் அதனிடம் அனுமதி பெற்றுப் பயன்படுத்துகிறார்கள்.

நம் அலமாரியில் உள்ள பெயர்களைப் பார்த்தாலும் அர்த்தத்தால் பிழைத்த பெயர் குறைவு என்பது விளங்கும். புரூக் பாண்ட் கம்பெனியில் புரூக் உண்டு, பாண்ட் என்று ஒருவர் கிடையாது. 1869-இல் மான்செஸ்டரில் கடை வைத்த ஆர்தர் புரூக் காதுக்கு நன்றாக இருக்கிறதென்று சேர்த்துக்கொண்டது. பார்லே என்பது பம்பாயின் வில்லே பார்லே என்ற புறநகர். நிர்மா என்பது 1969-இல் வீட்டிலேயே சலவைத்தூள் தயாரித்துச் சைக்கிளில் விற்ற கர்சன்பாய் பட்டேலின் மகள் நிருபமாவின் பெயரிலிருந்து வந்தது. அமுல் ஒன்றுக்குத்தான் 'விலைமதிப்பற்ற' என்ற பொருள் உண்டு. டால்டாவோ, டச்சுக்காரர்கள் வைத்திருந்த 'டாடா' என்ற பெயரின் நடுவே லீவர் கம்பெனி தன் முதலெழுத்தைச் செருகியதால் வந்தது என்பார்கள். எந்த வனஸ்பதி டப்பாவை நீட்டினாலும் வாடிக்கையாளர் டால்டா என்றே சொல்லும் அளவுக்கு அது பரவிற்று. கம்பெனிகள் இப்படிப்பட்ட புகழுக்கு அஞ்சுகின்றன. தெர்மாஸ் என்ற பெயர் எல்லாருக்கும் பொதுச்சொல் ஆகிவிட்டதென்று அமெரிக்க நீதிமன்றம் 1963-இல் தீர்ப்பளித்தது.

என் கதைக்கு வருகிறேன். 1984 முதல் எங்கள் கடையில் மல்லித்தூளும் மிளகாய்த்தூளும் பாக்கெட் போட்டு ஒரு பெயரில் விற்றோம். அந்தப் பெயரை இங்கே அச்சிட இப்போது எனக்குத் தயக்கம். அது என் தாயாரின் பெயர். கூடவே ஓர் உழக்கின் படம். சுற்று வட்டாரத்தில் "உழக்கு மார்க்கு" என்றே கேட்டு வாங்குவார்கள். பதிவு செய்யுங்கள் என்று ஆடிட்டர் பலமுறை சொன்னார். 'நம்ம அம்மா பேரை யார் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்' என்று விட்டுவிட்டேன். 2009-இல் வேறொரு மாவட்டத்து நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதே பெயரை 30-ஆம் வகுப்பில் அவர்கள் பதிவு செய்திருந்தார்கள்.

1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டத்தில் 34-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பதிவு செய்தவருக்கு முன்பிருந்தே தொடர்ந்து அப்பெயரைப் பயன்படுத்தி வந்தவரை அது காக்கிறது. வக்கீல் கேட்டது ஒன்றே: "பழைய பில் காட்டுங்கள்." எங்கள் பில் புத்தகத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாக எழுதியிருந்தது 'ம.தூள் 50 பாக்.' என்று மட்டும்! மார்க்கின் பெயர் ஒரு பில்லிலும் இல்லை. கவர் அச்சடித்த பிரஸ்ஸும் மூடிப்போயிற்று. பெயரை விட்டுக்கொடுத்துச் சமரசம் செய்துகொண்டோம். வீட்டில் அதைச் சொல்லத்தான் எனக்கு நாலு நாள் ஆயிற்று. "பேருதானே, போகட்டும்" என்றார் அம்மா. அப்புறம் எங்கள் பாக்கெட்டை அவர் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

இப்போது வேறு பெயரைப் பதிவு செய்திருக்கிறோம். 2017 விதிகளின்படி தனிநபரும் சிறுதொழில் செய்வோரும் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000. விண்ணப்பத்தை அரசின் வணிகக் குறி இதழில் வெளியிட்டபின், ஆட்சேபம் உள்ளவர்கள் நான்கு மாதத்துக்குள் தெரிவிக்கவேண்டும். என் தாயார் பெயரும் அந்த இதழில் வந்திருக்கும், நான் பார்க்கவில்லை. பதிவு பத்தாண்டு செல்லும், பின் புதுப்பிக்கலாம். 'சுத்தமான', 'காரமான' என்று சரக்கின் குணத்தையே பெயராக வைத்தால் பதிவு கிடைப்பது அரிது. பில்லில் சரக்கோடு மார்க்கையும் சேர்த்து எழுதுமாறு எங்கள் கணக்கரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

சில்லறைக் கடைக்காரர்களுக்கு இன்னொன்று. பொய் மார்க்கு போட்ட சரக்கைத் தயாரித்தவர் மட்டுமல்ல, விற்றவரும் அதே சட்டத்தில் குற்றவாளியே. அறியாமல் விற்றேன் என்றால், தக்க எச்சரிக்கையோடு வாங்கினேன் என்பதையும், யாரிடம் வாங்கினேன் என்பதையும் அவரே காட்டவேண்டும். பில் இல்லாமல் சைக்கிளில் வரும் டீத்தூளையும் சோப்பையும் நாலு ரூபாய் குறைகிறதென்று எடுத்துவைப்பவர்கள் கையில் காட்ட என்ன இருக்கும்? அந்தத் தம்பிக்கு நாக்குச் சட்டை விற்ற ரோட்டோரக் கடைக்காரரும் இதே கணக்கில்தான் வருவார்.

உழக்குப் படம் போட்ட பழைய கவர்கள் ஏறத்தாழ 40,000 எங்கள் கிட்டங்கியில் மிஞ்சின. எடைக்குப் போட மனம் வரவில்லை. எலி கடித்தது போக மீதியில் வேலையாட்கள் புளியங்கொட்டை போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள்.